நாற்பதில் நின்ற முள்

அப்பாவின் ஜீப்பில், எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டர் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். புதிதாக ஏறுகிறவர்கள் கண்ணாடி உடைந்துவிட்டது போல என்று நினைப்பார்கள். கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. முள்தான் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்ட அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, டேப்பை ஒட்டிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. போன மழைக்காலத்தில் நான் அந்த டேப்பைப் பிரித்தேன். அன்றிலிருந்து வீட்டில் ஒரு வாக்குவாதம், எனக்குள்ளும்தான். எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகள் பர்மாவில் எப்படிப் பிழைத்தன என்று நம் எல்லோருக்கும் தெரியும். சேஸ் ஒன்றிலிருந்து, கியர்பாக்ஸ் இன்னொன்றிலிருந்து, பாடி உள்ளூர்த் தகரப் பட்டறையில் அடித்தது. எங்கள் வண்டியில் எஞ்சின் மட்டும் பழைய வில்லீஸ் எஞ்சினே: நாலு சிலிண்டர், 2.2 லிட்டர், புதிதில் 60 குதிரைசக்தி. இப்போது எத்தனை குதிரை மிச்சம் என்று கேட்காதீர்கள். 1970 டிசம்பரில் நாடு ஒரே நாளில் சாலையின் இடப்பக்கத்தை விட்டு வலப்பக்கத்துக்கு மாறியபோது, வெள்ளைக்காரன் காலத்துக் கார்களுக்கெல்லாம் ஸ்டீயரிங் தப்புப் பக்கத்தில் ஆகிப்போனது. அமெரிக்க ஜீப்புக்கு மட்டும் அன்றைக்குத்தான் சாலை சரியாக அமைந்தது. அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 2011 செப்டம்பரில், 40 வயது தாண்டிய வண்டியை ஒப்படைத்தால் வெளியிலிருந்து கார் இறக்க பர்மிட் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, தெரிந்தவர் வண்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. அப்பா கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "ஓடுதே."

மோத்தமா சாலையில்

டேப்புக்குக் காரணம் 2003 மழைக்காலத்தில் நடந்தது. சல்வீன் ஆற்றின் மேல் மோல்மேனுக்குப் போகிற பாலம் 2005-இல்தான் திறந்தது. அதற்கு முன் தட்டோனிலிருந்து மோல்மேனுக்குப் போக வேண்டுமென்றால் மோத்தமா வரை சாலை, அப்புறம் ஆற்றைத் தாண்டப் படகு. ரப்பர் ஷீட் கட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நானும் அப்பாவும் போய்க்கொண்டிருந்தோம். மேலே கித்தான் கூரை, பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. பாதி நனைந்துகொண்டுதான் போவோம். என் இடது கால் கட்டைவிரல் மேல் ஏதோ சொட்டியது. மழைத் தண்ணீர் என்று காலை நகர்த்தி வைத்தேன். மறுபடி சொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. மழை எங்கே வெதுவெதுப்பாகப் பெய்யும்? அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. கால் செருப்புக்குள் வழுக்க ஆரம்பித்ததும்தான், "அப்பா, ஏதோ ஒழுகுது" என்றேன்.

அப்பா குனிந்து என் காலைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தார். அடுத்த நொடி சுவிட்சை அணைத்து, கிளச்சை மிதித்து, வண்டியை அப்படியே ஓரமாக உருளவிட்டார். பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை இழுத்தபோது நுனி மட்டும்தான் நனைந்திருந்தது. மொத்தமே நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கிற எஞ்சின். அதில் பாதிக்கு மேல் கால்மிதியில் கிடந்தது, ரப்பர் கட்டுக்குக் கீழேயும் ஓடியிருந்தது.

வண்டி வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. இந்த மாதிரி பழைய மீட்டருக்கு ஒயர் வராது. எஞ்சின் பிளாக்கில் ஒரு துளை, அதிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய், அது எஞ்சினுக்கும் நமக்கும் நடுவிலுள்ள தகட்டைத் தாண்டி டாஷ்போர்டுக்கு வந்து மீட்டர் முதுகில் சேரும். பேரிங்குகளுக்குப் போகிற அதே ஆயில், அதே அழுத்தத்தில், நம் முழங்காலுக்கு ஒரு முழம் எதிரே வந்து நிற்கிறது. அழுத்தத்தைத் தெரிந்துகொள்ளப் போட்ட குழாய் விட்டுப்போனால் ஆயில் வெளியே போவதும் அந்த வழியாகத்தான். எங்களுக்கு விட்டது மீட்டருக்குப் பின்னால், நட்டு இறுகுகிற கழுத்தில். விரிசல் முக்கால் வட்டம் வந்திருந்தது.

அப்பா எஞ்சின் பக்கத்துக் குழாயை வெட்டி, நுனியை இரண்டு மடிப்பு மடித்து, பிளையரால் நசுக்கி, சாலையோரக் கல் ஒன்றின் மேல் வைத்துத் தட்டினார். சீட்டுக்கு அடியில் எப்போதும் ஆயில் பாட்டில் இருக்கும், அதை ஊற்றினார். ஸ்டார்ட் செய்து மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை. "யாபாடே" என்றார், பர்மியர்கள் சொல்வது போலவே: பரவாயில்லை, ஆகும். மோத்தமாவில் படகையும் பிடித்துவிட்டோம். அந்த மடிப்பு இருபது வருஷம் நின்றது.

காது உள்ளவர்கள்

அப்பா ஏன் அதற்கப்புறம் சரி செய்யவில்லை? சோம்பல் என்று பெரியப்பா சொல்வார். காசு என்று அம்மா சொல்வார். எனக்கு அந்த இரண்டும் பொருந்தவில்லை. அப்பாவுக்கு அந்த எஞ்சின் சத்தத்திலேயே எல்லாம் தெரியும். ஏற்றத்தில் ஒரு நாள் திடீரென்று காலை எடுத்து, "கேட்டியா?" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறக்கிப் பார்த்தால் ஃபேன் பெல்ட்டில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அப்படிப்பட்டவருக்கு முள் எதற்கு? அதுவும் காலில் ஆயில் சொட்ட வைக்கிற முள்?

எனக்கு அந்தக் காது இல்லை. அப்பா போனபின் வண்டி என் கைக்கு வந்தது. ஒவ்வொரு தடவை ஏற்றத்தில் ஏறும்போதும் எஞ்சின் எனக்குத் தெரியாத பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே வருகிற மாதிரி இருக்கும். திரும்பத் திரும்பக் கண் அந்த டேப்புக்குப் போகும். ஒரு நாள் பிரித்துவிட்டேன்.

எங்கள் பட்டறைக்காரரை எல்லோரும் சயா, அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவோம். மோன் இனத்துக்காரர், அப்பாவுக்குப் பழக்கம். குழாய் மாற்றித் தரச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டே மறுத்தார். "பார்க்கிறதுக்காக ஆயிலை வண்டிக்குள்ளே கொண்டு வரணுமா, ஞீலே (தம்பி)? அடைச்சது அடைச்சபடி இருக்கட்டும். ஒரு சுவிட்ச் போட்டு விளக்கு வச்சுத் தர்றேன். சிவப்பு எரிஞ்சா நிறுத்து." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. துளை ஒன்று கூடினால் ஒழுகும் இடமும் ஒன்று கூடும். ஆனால் விளக்கு எப்போது எரியும்? அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஐந்தாறு பவுண்டுக்கு இறங்கின பின்தான். அதுவரை முப்பதா, பதினைந்தா, பத்தா என்று அது வாயைத் திறக்காது. சாவுச் செய்தியை மட்டும் கொண்டு வருகிற ஆள் மாதிரி. காய்ச்சல் என்று முன்னாலேயே சொல்ல ஒருவர் வேண்டுமே. சயாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நீயே போட்டுக்கோ. ஸ்பேனர் வேணும்னா எடுத்துக்கோ" என்றார்.

ஃபிரிட்ஜ்காரரின் குழாய்

செப்புக் குழாய் எங்கே கிடைக்கும்? ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவரிடம் சுருள் சுருளாக இருந்தது. பார்த்தால் மெல்லிசாக, பளபளவென்று, ஜீப்பில் இருந்ததற்குத் தங்கை போல. ஒன்றரை மீட்டர் வாங்கினேன். வெளிவிட்டம் கொஞ்சம் குறைவு, அதனால் இரண்டு நுனியிலும் பித்தளை வளையத்தை ஈயம் வைத்து அவரே பற்றவைத்துக் கொடுத்தார். உள்ளே துளை எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. குழாய் என்றால் குழாய்தானே!

மாட்டும் முன் மீட்டரைக் கழற்றிப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் இளவயதில் அரிசி ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர், உமி தள்ளி நீராவி ஏற்றுகிற ஆலை. பின் மூடியைத் திறந்தவுடன், "அட, நம்ம மீட்டர்தாம்பா இது" என்றார். உள்ளே தட்டையாக அமுக்கிய ஒரு பித்தளைக் குழல், பிறை மாதிரி வளைந்து கிடந்தது. அழுத்தம் ஏறினால் அந்தப் பிறை நிமிரப் பார்க்கும். நிமிர்கிற நுனியில் சின்னக் கம்பி, கம்பி பல்சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் முள்ளைத் திருப்பும். திருவிழாவில் பிள்ளைகள் ஊதினால் நீள்கிற காகிதப் பீப்பீ இருக்கிறதே, அதன் தத்துவம்தான். போர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆலை பாய்லருக்கும் இதுதான், ஜீப்புக்கும் இதுதான், எழுதியிருக்கும் எண்தான் வேறு. பெரியப்பா ஒரு தீக்குச்சியால் குழலின் நுனியைத் தொட்டார். முள் எகிறியது. "உசுரோடதான் இருக்கு. பாவம், இத்தனை வருஷம் கண்ணைக் கட்டி வச்சிருக்கான்" என்றார்.

மாட்டினேன். ஸ்டார்ட் செய்தேன். முள் அசையவில்லை. அடைப்பு என்று அணைக்கக் கையைக் கொண்டுபோகும்போது மெதுவாகக் கிளம்பியது. ஐந்து, பத்து. வெயிலில் நிழல் நகர்வது மாதிரி. ஒரு நிமிஷம் போல ஆகி நாற்பதில் வந்து நின்றது. நான் கைதட்டாத குறை. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கிறது, அதனால்தான் மெதுவாக வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருக்கோடி வரை ஒரு சுற்று போய் வந்தேன், நாற்பதிலேயே இருந்தது. பிரேக் போட்டு நின்று ஸ்லோவில் விட்டேன், அப்போதும் நாற்பது. என்ன அருமையான எஞ்சின் என்று நினைத்து சுவிட்சை அணைத்தேன்.

எஞ்சின் நின்றது. முள் நாற்பதில் நின்றது.

சத்தம் ஒன்றும் இல்லை. ஃபேன் நின்றுவிட்டது. மின்சாரம் இல்லாத நேரம், தெருவிலும் அமைதி. பம்ப் சுற்றவில்லை, பிளாக்குக்குள் அழுத்தம் என்று ஒன்று கிடையாது. ஆனால் டாஷ்போர்டில் மட்டும் எஞ்சின் நல்ல ஆரோக்கியத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. மனதுக்குள் எண்ணினேன். இருபது எண்ணும் வரை அசைவே தெரியவில்லை. அப்புறம் வந்த வழியே, அதே நிதானத்தில் இறங்க ஆரம்பித்தது. மோத்தமா சாலையில் இந்தக் குழாய் இருந்திருந்தால்? அப்பா திரும்பி மீட்டரைப் பார்த்திருப்பார். முள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். "தண்ணியா இருக்கும், தொடச்சிக்க" என்று சொல்லிவிட்டு ஓட்டியிருப்பார்.

காரணம் புரிந்துகொள்ள நேரமாகவில்லை. ஃபிரிட்ஜில் அந்தக் குழாயின் வேலையே ஓட்டத்தை நெருக்குவதுதான், அதற்காகவே துளை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. கெட்டியான திரவம் மெல்லிய குழாயில் போகும்போது துளையின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். மீட்டர் முனையில் கொஞ்சம் காற்று எப்போதும் சிக்கியிருக்கும். அதை அமுக்கும் அளவு ஆயில் போய்ச் சேரவே ஒரு நிமிஷம். எஞ்சின் நின்றபின் அமுங்கிய காற்று அந்த ஆயிலைத் திருப்பித் தள்ளவும் அதே நேரம். முள் பொய் சொல்லவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முந்தைய உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா ஒட்டின டேப்பாவது எதையும் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி அந்த டேப் மேல் எனக்கு மரியாதை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். திரும்ப ஒட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். பசை போய்விட்டிருந்தது.

பால் டின்

சரியான குழாய் மோல்மேனில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. வெளிவிட்டம் அரைக்கால் அங்குலம், உள்ளே துளை ஃபிரிட்ஜ் குழாயைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பிளாஸ்டிக் குழாயும் இருந்தது, விலை குறைவு, வளைப்பதும் சுலபம். எக்ஸாஸ்ட் பக்கம் தவறி உரசினால் உருகும், உருகினால் சூடான இரும்பின் மேல் ஆயில். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கொண்டுவந்த குழாயை நேராக அளந்து வெட்டப் போனேன். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "சுருள் எங்கடா?" என்றார். ஆலையில் பாய்லரிலிருந்து மீட்டருக்குப் போகிற குழாயில் ஒரு சுருள் இருக்குமாம், பன்றி வால் மாதிரி. அது இல்லாமல் மீட்டர் மாட்டக் கூடாதாம். அது வேறு விஷயம் பெரியப்பா என்றேன். ஆலையில் அந்தச் சுருளில் தண்ணீர் தேங்கி நிற்கும், கொதிக்கிற ஆவி மீட்டரைத் தொடாமல் காக்கும். இங்கே ஆவி ஏது? அவர் கேட்கவில்லை. "மொதல்ல இந்த வண்டியிலயும் சுருள் இருந்துச்சு. உங்கப்பன்தான் அழகா இல்லைன்னு வெட்டி நேராக்குனான். நான் அப்பவே சொன்னேன்."

இது எனக்குப் புதுச் செய்தி. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்ன காரணம் தப்பு, சொன்ன விஷயம் சரி. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்தால் குலுங்கும். டாஷ்போர்டு பாடியோடு சேர்ந்தது, அது வேறு தாளத்தில் ஆடும். நடுவில் விறைப்பாக ஒரு செப்புக் குழாய் இருந்தால் குலுக்கல் முழுவதும் நட்டு இறுக்கின கழுத்தில் போய் விழும். செம்பு ஆட ஆட இறுகும், இறுக இறுக நொறுங்கும். ராணுவத்திலிருந்து வந்தபோது அந்த இடத்தில் வளையும் ஹோஸ் ஒன்று இருந்திருக்கிறது, அது என்றைக்கோ போய்விட்டது. ஹோஸுக்குப் பதில் யாரோ போட்ட சுருளை அப்பா வெட்டினார். அவருடைய காது கேட்காமல் விட்டது இது ஒன்றுதான் போலிருக்கிறது.

கரி அடுப்பில் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, மங்கலாகச் சிவந்ததும் தண்ணீரில் நனைத்தோம். இரும்பை அப்படி நனைத்தால் விறைக்கும், செம்பு குழைந்துவிடும். எதிரே லபெயே கடையிலிருந்து, அதாவது டீக்கடையிலிருந்து, காலிப் பால் டின் ஒன்று வாங்கிவந்தேன், டீக்கு ஊற்றுகிற கட்டிப்பால் டின்தான். பெரியப்பா டின்னை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். நான் குழாயைப் பிடிக்க, அவர் டின்னைத் திருப்பினார். எண்பது வயதுக் கை, நடுக்கம் உண்டு, ஆனால் செம்பு மடங்காமல் நெளியாமல் இரண்டு முழுச் சுற்று சுற்றி வந்தது. டின்னை உருவினால் லேபிளில் இருந்த பசை சுருளின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று ஆடியது.

மாட்டுவதில் ஒரே ஒரு சண்டை வந்தது. மீட்டர் முதுகில் நட்டுக்கு நான் வெள்ளை டேப் சுற்றப் போனேன். எட்டிப் பார்க்க வந்திருந்த சயா தட்டிவிட்டார். அங்கே ஆயிலை அடைப்பது மரை இல்லை, குழாயைச் சுற்றி நசுங்குகிற பித்தளை வளையம். டேப் பிசிறு உள்ளே போனால் குழாயை அடைத்துவிடும். பிளாக்கில் திருகுகிற பக்கம் மட்டும் மரை கூம்பாக இருப்பதால் சுற்றலாம், அங்கேயும் நுனியில் இரண்டு மரையை விட்டுவிட்டு. நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரால் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே, போதும் என்றார். பிரியமாக இறுக்கினால் வளையமே குழாயை அறுத்துவிடும். தகட்டுத் துளையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செருகினோம், தகட்டு விளிம்பு செம்பைத் தின்னாமல் இருக்க.

ஸ்டார்ட் செய்ததும் முள் எகிறி அறுபதில் நின்றது. நட்டுகளுக்கு அடியில் விரித்த செய்தித்தாளில் ஒரு பொட்டும் விழவில்லை. சூடேறச் சூடேற முப்பத்தைந்துக்கு வந்தது, ஸ்லோவில் லேசாக நடுங்கிக்கொண்டு பதினைந்தைத் தொட்டது. சுவிட்சை அணைத்தேன். எஞ்சின் கடைசி உதறல் உதறுவதற்குள் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போனார்.

இப்போது வாக்குவாதம் என்ன என்று கேட்கிறீர்களா? போன வாரம் மோல்மேன் போய் வந்தேன். பாலம் தாண்டி, முழு வெயிலில், வண்டி நிறைய ஆட்கள். திரும்பி வந்து வாசலில் ஸ்லோவில் விட்டபோது முள் எட்டில் நின்றது. நல்ல சூட்டில் பத்துக்குக் கீழே போகக் கூடாது. மறுநாள் ஒரு குட்டி மீட்டரைக் கடன் வாங்கி பிளாக்கிலேயே திருகிப் பார்த்தேன், அதுவும் எட்டு. சயா இன்னும் கெட்டியான ஐம்பதாம் நம்பர் ஆயில் ஊற்று, முள் ஏறும் என்கிறார். ஏறும்தான். பேரிங் தேய்ந்திருந்தால் அது தேய்ந்தபடியே இருக்கும். அம்மா, இத்தனை வருஷம் நல்லாத்தானே ஓடுச்சு, நீ அதை நோண்டின பிறகுதான் இப்படி என்கிறார். எட்டு எப்போதிலிருந்து எட்டு என்று யாருக்குத் தெரியும்? அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்துதான் கடைசி வருஷங்களில் ஏற்றம் வந்தாலே கீழ்க் கியருக்குப் போனாரோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை, பேரிங்கைப் பார்க்க, எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியை, சம்ப்பை, இறக்குகிறோம். கேஸ்கெட் வெட்ட நல்ல கெட்டி அட்டை வேண்டும் என்று பெரியப்பா காலையிலிருந்து வீட்டிலுள்ள பழைய பெட்டிகளை எல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.